பிணம் விழாத மர்ம நாவல் ஒன்று வேண்டும்

மலேசியத் தமிழ் நாவல் போட்டிகளை நடத்தும் அமைப்புகளுக்கும், நடுவர்களுக்கும், பதிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பள்ளி வளமையத்தின் தமிழ் அலமாரியும் என் பொறுப்பில் இருக்கிறது. அந்த அலமாரிக்காகத்தான் இந்த மடல். இணையப் பகடிவதையையும், இணையத்தில் பிள்ளைகள் சுரண்டப்படுவதையும் கதைப்பொருளாகக் கொண்ட நல்ல மர்ம நாவல்கள், பதின்ம வயதினர் விரும்பிப் படிக்கும்படி, நம் எழுத்தாளர்களிடமிருந்து வரவேண்டும். அதற்கு வழிசெய்ய உங்களால் முடியும். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிட்டேன். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அலமாரி. மேல்தட்டில் திருக்குறள் உரைகள். அன்பளிப்பாக வந்து சேர்ந்தவை ஏழெட்டு இருக்கும். அதற்குக் கீழே தேர்வுக்குரிய இலக்கிய நூல்கள், முதுகு பிய்ந்து, செலோடேப் ஒட்டி, ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதிய கருப்பொருள் குறிப்புகளோடு. மூன்றாவது தட்டில் தோட்டப்புற நாவல்களும் சயாம் மரண இரயிலைப் பற்றியவையும். அருமையான நூல்கள்தான், ஆனால் நான் சொல்லிச் சொல்லித்தான் யாராவது எடுப்பார்கள். கடைசித் தட்டில் ஆமையும் முயலும். படிவம் மூன்று மாணவனுக்கு மீசை அரும்பிவிட்டது. அவனிடம் போய் ஆமை முயல் கதையை நீட்ட முடியுமா?

அப்படியே திரும்பினால் ஆங்கில அலமாரி. காணாமல் போன தோழியின் கணக்கிலிருந்து திடீரென்று வரும் குறுந்தகவல், வகுப்புக் குழுவுக்குள் யாரென்று தெரியாமல் நுழைந்து ஒவ்வொருவர் இரகசியமாக அவிழ்க்கும் ஓர் ஆள் என்று ஒரு தட்டு முழுக்கப் பதின்ம வயதுத் திரில்லர்கள். மலாய் அலமாரியிலும் கறுப்பு அட்டை போட்ட திகில் நாவல்கள் கைமாறிக் கைமாறித் தேய்ந்து கிடக்கின்றன. நிலாம் வாசிப்புப் பதிவுக்காகத் தமிழில் ஒரு நூல் எடுக்கச் சொன்னால், இருப்பதிலேயே மெல்லியதை உருவிக்கொண்டு போகும் அதே பிள்ளை, ஓய்வு நேரத்தில் கேண்டீன் மூலையில் உட்கார்ந்து தலையணை கனத்தில் ஓர் ஆங்கில நாவலை முடிக்கிறது. இளையோரிடம் வாசிப்பே செத்துவிட்டது என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் ஒருமுறை எங்கள் கேண்டீனுக்கு வந்து போகலாம்.

ஒரு காலத்தில் இங்கே லெபோ பாசாரில் கடை வாசலில் மாத நாவல்கள் கிளிப் போட்டுத் தொங்கும். எங்கள் தலைமுறையில் பலருக்குத் தமிழை வேகமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அந்தச் சாணித்தாள் மர்ம நாவல்கள்தான். பிறகு பெரிய மனிதர்களாகி, அதெல்லாம் இலக்கியமா என்று கேட்கத் தொடங்கிவிட்டோம். சரி, அது தனிக் கதை.

திரில்லர் சரி, அதிலும் ஏன் இந்தப் பொருள் என்று கேட்பீர்கள். யுனிசெஃப், சிறார் பாலியல் சுரண்டலை எதிர்த்து இயங்கும் எக்பாட், இண்டர்போல் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த ஆய்வின் மலேசிய அறிக்கை 2022இல் வெளிவந்தது. இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் குறைந்தது 4 விழுக்காட்டினர் ஒரே ஆண்டில் இணையவழிப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்றது அது. தலைக்கணக்கில் ஏறத்தாழ 100,000 பிள்ளைகள். பகடிவதைக்கு நமக்கு அறிக்கை எதுவும் தேவையில்லை. 2020இல் இங்கே பினாங்கில் ஓர் இளம் தமிழ்ப் பெண், 2024இல் கோலாலம்பூரில் இன்னொரு தமிழ்ப் பெண், இணையப் பகடிவதைக்கு ஆளாகி உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இரண்டு செய்திகளையும் நீங்கள் படித்திருப்பீர்கள். இரண்டாவது வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. அந்தப் பிரிவு அனுமதித்த அதிகபட்சமே அவ்வளவுதான். கார் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால்கூடச் சில வேளைகளில் அதற்குமேல் போகும்.

அந்தக் கொதிப்புக்குப் பிறகு சட்டம் மாறியது. குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்து, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. அடுத்தவரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஊருக்கே அறிவித்துத் தொல்லை கொடுப்பதும் இப்போது குற்றம். தூண்டுதலால் ஓர் உயிர் போனால் 10 ஆண்டு வரை சிறை. 2026 ஜனவரி முதல் நாள் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்புக்கு வந்துவிட்டது. நாடாளுமன்றம் இவ்வளவு வேகமாக ஓடியும் நம் நாவல்கள் இன்னும் கைப்பேசியைச் சாத்தானாக வரைந்துகொண்டிருக்கின்றன.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. இளையோர் நாவல் போட்டி ஒன்றில் கைப்பிரதிகளை முதல் சுற்றில் வடிகட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. எந்தப் போட்டி என்பது முக்கியமில்லை. சமூக ஊடகத்தைத் தொட்டு எழுதியவை சில இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. பெண் நன்றாகப் படிப்பவள், தாயில்லாதவள் அல்லது தகப்பன் குடிகாரன். ஒரு கைப்பேசி வருகிறது. கண்ணன் என்றோ ரோஷன் என்றோ ஒருவன் ‘ஹாய்’ சொல்கிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் படம் அனுப்புகிறாள். எட்டாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் தலைமையாசிரியர் சபைகூடலில் உரையாற்றுகிறார். அந்த உரை மட்டும் நாலரைப் பக்கம்.

எழுதியவர்களின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் அந்தக் கதையைப் படிக்கிற 15 வயதுப் பெண், ஏற்கெனவே யாருக்கோ படம் அனுப்பிவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவளாக இருந்தால், அவளுக்கு அந்த நாவல் காட்டும் வழி என்ன? உனக்கு முடிவு இதுதான் என்கிறது. பயமுறுத்தித் திருத்துகிறோம் என்று நினைத்து, ஏற்கெனவே பயந்து கிடப்பவளைத்தான் மேலும் தள்ளுகிறோம். அதனால்தான் தலைப்பில் பிணம் வேண்டாம் என்றேன். திரில்லருக்கு ஆபத்து வேண்டும், நேரம் குறைந்துகொண்டே வரவேண்டும், யாரை நம்புவது என்று தெரியக் கூடாது. இதற்கெல்லாம் சாவு கட்டாயமில்லை. அவள் பிழைப்பாளா என்ற கேள்விக்குப் பிழைப்பாள் என்று விடை சொல்லும் நாவலிலும் நெஞ்சு படபடக்கும்.

இன்னொரு கைப்பிரதியில் ஒரு பையன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைக்கிறான். மருத்துவமனைக் கட்டிலருகே போலீஸ்காரர் கைவிலங்கோடு காத்திருக்கிறார். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2023இலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. இது வெறும் தகவல் பிழை என்று விட்டுவிட முடியாது. ‘வெளியே சொன்னால் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும்’ என்பது மிரட்டுகிறவன் சொல்லும் முதல் பொய். நம் நாவலாசிரியரே அதற்குச் சாட்சி சொன்னால் எப்படி?

அப்புறம் வில்லன். நம் கதைகளில் அவன் எப்போதும் இருட்டறையில் நாலு திரைகளுக்கு முன்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறான். நிஜத்தில் அவன் நல்லவன். அதாவது, முதல் மூன்று வாரம் அவனைவிட நல்லவன் கிடைக்கமாட்டான். மொபைல் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் உதவுகிறான், டைமண்ட் வாங்கித் தருகிறான், அம்மா திட்டினாளா என்று விசாரிக்கிறான். பிறகு பேச்சு அங்கிருந்து டெலிகிராமுக்கு மாறுகிறது. நீ மற்றவர்களைப்போல் இல்லை, உன்னை உன் வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை என்கிறான். சின்னதாக ஓர் இரகசியம். அடுத்தது கொஞ்சம் பெரிய இரகசியம். கடைசியில் அந்த இரகசியமே கயிறாகிறது.

இதை எழுத நம்மவர்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்த கங்காணியை எழுதிய மரபு நம்முடையது. அவன் சாட்டையோடு ஊருக்குள் வரவில்லை. நல்ல வேட்டியும் கையில் கடிகாரமுமாக வந்தான். அதே ஊர்க்காரன், அதே பாஷை, உறவுமுறை சொல்லி அழைத்தான். திருவிழாச் செலவுக்கு முன்பணம் கொடுத்தான். கப்பலேறிய பிறகுதான் அது கடன் என்று தெரிந்தது. அந்த முறை 1938இல் முடிவுக்கு வந்தது. ஆனால் ஆசை காட்டி, தனிமைப்படுத்தி, கடன்படுத்தி, வெட்கத்தால் வாயடைக்கிற அந்த வேலையை நம் நாவலாசிரியர்கள் வரிவரியாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கைக்கு டெலிகிராம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. தாத்தா தோட்டத்தில் கேட்ட அதே இனிய குரலைப் பேத்தி ஹெட்போனில் கேட்கிறாள், தாத்தாவுக்கு மட்டும் அது எங்கேயோ கேட்ட குரலாகத் தோன்றுகிறது. இப்படி ஒரு நாவலை யாராவது எழுதினால் முதல் ஐந்து படிகளை என் காசில் வாங்கிக்கொள்கிறேன்.

வில்லன் நமக்குத் தெரிந்தவனாகவும் இருக்கலாம். ரிச்சர்ட் ஹக்கிளை நினைவிருக்கிறதா? பிரிட்டிஷ்காரன். கோலாலம்பூர் வட்டாரத்தின் ஏழைக் குடும்பங்களுக்குள் தொண்டன் என்ற பெயரில் புகுந்து, குழந்தைகளைச் சீரழித்து, அந்தப் படங்களை இணையத்தின் மறைவான மூலைகளில் பகிர்ந்தவன். 2016இல் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. அதற்கு அடுத்த ஆண்டு இங்கே சிறார் பாலியல் குற்றங்கள் சட்டம் வந்தது. பிள்ளையிடம் பாலியல் நோக்கோடு பேசிப் பழகி வலை விரிப்பதே, தொடாவிட்டாலும், நேரில் பார்க்காவிட்டாலும், அந்தச் சட்டத்தின்படி தனிக் குற்றம். ஆசிரியர், உறவினர் என்று நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் தண்டனை கூடும். தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பவருக்கும் அபராதம் உண்டு. இந்தக் கடைசி விதி ஒன்று போதும், ஒரு நாவலுக்கு. கோயில் நிர்வாகத்தில் நாலு பேருக்குத் தெரியும், நாலு பேரும் பேசவில்லை. பிறகென்ன, முழு நாவலும் அந்த நாலு பேரின் முகத்தில் நடக்கும்.

நிஜ உலகம் எழுத்தாளருக்கு எவ்வளவு கொடுத்து வைத்திருக்கிறது என்பதற்கு இன்னும் சில சொல்கிறேன். அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் வெளியே போய்விடுமோ என்று பயப்படுகிறவர், அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. அவருடைய கைப்பேசியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண்தொடர் உருவாகும். அந்த எண்தொடர் மட்டும் போய்ச் சேரும். திட்டத்தில் இணைந்துள்ள தளங்கள் அதை வைத்து அதே படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். உலகின் எந்த மூலையிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. மிரட்டுகிறவன் கொடுத்த கெடு இரவு 12 மணி. மணி 11.20. அறைக் கதவுக்கு வெளியே அண்ணன் நடமாடுகிறான். பெண் அந்த எண்தொடர் உருவாகும் வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொலையாளி மாடிப்படி ஏறி வரும் காட்சிக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

நீதிமன்றக் காட்சியும் இருக்கிறது. சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கென்றே ஒரு சிறப்பு நீதிமன்றம் 2017இல் புத்ராஜெயாவில் தொடங்கப்பட்டது. பிள்ளைச் சாட்சி எதிரியின் முகத்தைப் பார்க்காமல், திரைக்குப் பின்னாலிருந்தோ நேரலைக் காணொளி வழியாகவோ பேச 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் கதைகளில் இன்னமும் கூண்டில் ஏறி நின்று வக்கீலின் குறுக்கு விசாரணையில் அழுது மயங்கி விழுகிறார்கள். சினிமாவில் பார்த்த கோர்ட் அது. கோர்ட் என்றாலே அதுதான் என்று நம்பிவிட்ட தாய், ரிப்போர்ட்டே வேண்டாம் என்று மகளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

பையன்களை மறந்துவிடாதீர்கள். நான் படித்த கைப்பிரதிகளில் ஒன்றில்கூடப் பையன் இதற்குப் பலியாகவில்லை. ஆனால் படத்தை வைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் அதிகமும் குறிவைப்பது பதின்ம வயதுப் பையன்களைத்தான் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் 2022இல் 17 வயதுப் பையன் ஒருவனின் உயிர் போனது. அழகான பெண்ணாக நடித்து அவனை மிரட்டியவர்கள் நைஜீரியாவிலிருந்து இயங்கிய இரண்டு சகோதரர்கள். அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, 2024இல் ஆளுக்குப் பதினேழரை ஆண்டு சிறைக்கு அனுப்பினார்கள். கண்டம் தாண்டிய துப்பறிதல் வேண்டும் என்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நம் பையன்களுக்கு ‘ஆம்பிளைப் புள்ளை அழலாமா’ என்ற சுமை வேறு. பணம் கேட்டு மிரட்டப்பட்டு ‘டச் என் கோ’ மின்பணப்பையில் இருந்ததையெல்லாம் அனுப்பிவிட்டு, காசு எங்கே என்று அப்பா கேட்டால் ஆட்டத்தில் செலவழித்துவிட்டேன் என்று அடி வாங்கிக்கொள்ளும் பையனை யார் எழுதப்போகிறார்கள்?

பகடிவதைக் கதைக்கு வெளியூர் வில்லனே தேவையில்லை. குற்றவாளி வகுப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழு. 2025 ஏப்ரலில் ஜோகூர் கூலாயில், சக மாணவிகளின் முகங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஆபாசப் படங்களாக மாற்றிய சந்தேகத்தின் பேரில் பிடிபட்டது 16 வயது மாணவன். இப்படி ஒரு கதையில் முதலில் செய்தவன் ஒருவன், அனுப்பியவர்கள் பத்துப் பேர், பார்த்துச் சிரித்தவர்கள் முப்பது பேர், பார்த்தும் சும்மா இருந்தவர்கள் மிச்சமெல்லாம். துப்பறியும் கதையில் ஒவ்வொருவர் மீதும் சந்தேகம் விழவேண்டும் என்பார்கள். இங்கே ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் குற்றவாளிதான், விடை தெரிந்த பிறகும் வாசகனால் நிம்மதியாகப் புத்தகத்தை மூட முடியாது. என் மாணவி ஒருத்தி ஆங்கில நாவல் ஒன்றை முடித்துவிட்டு வந்து சொன்னாள்: “டீச்சர், கடைசியில யார் செஞ்சதுன்னு தெரிஞ்சிருச்சு. ஆனா நான் அந்த குரூப்ல இருந்திருந்தா நானும் ஃபார்வர்ட் பண்ணியிருப்பேன் டீச்சர். அதான் பயமா இருக்கு.” என் நாலரைப் பக்கத் தலைமையாசிரியரால் இது முடியுமா?

அவள் பேசிய அந்தத் தமிழையும் நாவலுக்குள் விடுங்கள். பினாங்குப் பிள்ளை ‘ஐயகோ’ என்று அலறாது. ‘அலாமா, செத்தோம் லா’ என்றுதான் சொல்லும். கதை சொல்பவரின் நடை எழுத்துத் தமிழாக இருக்கட்டும், பேச்சைத் திருத்த வேண்டாம்.

பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும். வருவார்கள். அதற்குக் காவலாக இரண்டு விதிகளை நீங்களே வைக்கலாம். நாவலில் அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று ஒரு வரியும் வரக் கூடாது. அது வாசகர் பார்க்க வேண்டியதே இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் விதமும் எழுத்தில் வரக் கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடித்த நூலைப் பள்ளி வளமையத்தில் வைக்க எந்தத் தலைமையாசிரியரிடமும் நான் வாதாடுவேன். கடைசிப் பக்கத்தில் தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை அச்சிடுங்கள். கதைக்குள்ளேயே யாராவது அந்த எண்ணை அழைத்தால் இன்னும் நல்லது, மறுமுனையில் பேசுகிறவர் எப்படிப் பேசுவார் என்பது பிள்ளைக்குத் தெரிந்துபோகும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. அடுத்த போட்டி அறிவிப்பில் 13 முதல் 17 வயது வாசகருக்கான மர்ம நாவல் என்று ஒரு பிரிவைத் தனியே சேருங்கள். 150 பக்கம் போதும். ‘நன்னெறியை வலியுறுத்த வேண்டும்’ என்ற வரியை அந்தப் பிரிவுக்கு மட்டுமாவது எடுத்துவிடுங்கள். எழுத முன்வருகிறவர்களுக்கு ஒருநாள் பட்டறை வைத்து, புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தில் பாலியல், மகளிர், சிறார் வழக்குகளை விசாரிக்கும் டி11 பிரிவில் பணியாற்றியவர் ஒருவரையும், பள்ளி ஆலோசக ஆசிரியர் ஒருவரையும், சிறார் வழக்குகள் நடத்திய வழக்கறிஞர் ஒருவரையும் பேச அழையுங்கள், அழைத்தால் மறுக்கமாட்டார்கள். நடுவர் குழுவில் பதின்ம வயது வாசகர் இருவருக்கு இடம் கொடுங்கள். மூன்றாம் அத்தியாயத்திலேயே தூங்கிவிட்டால் அவர்கள் நம்மைப்போல் நாசூக்காக எழுதமாட்டார்கள், ‘போரிங்’ என்று எழுதிவிடுவார்கள். பதிப்பாளர்களுக்கு ஒரு சொல்: மஞ்சள் பின்னணியில் குத்துவிளக்கு போட்ட அட்டை வேண்டாம், தயவுசெய்து.

இறுதிச் சுற்றுக் கைப்பிரதிகளை அச்சுக்கு முன் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், புதன்கிழமைதோறும் பள்ளி முடிந்து வளமையத்தில் கூடும் என் வாசிப்புக் குழுப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். பெயர் நீக்கிய பிரதியாக அனுப்புங்கள். இரண்டு வாரத்தில், அவர்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்ற குறிப்போடு திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓர் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியை
ஜெலுத்தோங், பினாங்கு